குழம்பின் அடிக்கரண்டி யாருக்கு?

காவிரி டெல்டாவில் பிள்ளைத்தாய்ச்சியின் தட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை. பஞ்சமெல்லாம் சோற்றைச் சுற்றி இருக்க வேண்டியவற்றில்தான். குவித்த சோறு, நடுவில் ஒரு குழி, அதில் சாம்பாரின் மேல்தண்ணீர், ஓரமாக ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். பருப்பும் காயும் சட்டியின் அடியில் கிடக்கும். வயலுக்குப் போகிறவருக்கு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, வெளியூரிலிருந்து வந்த நாத்தனாருக்கு என்று அடிக்கரண்டிகள் போய்விடும். கடைசியாக உட்காருகிறவள் தட்டில் விழுவது தெளிவு. அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் மருமகள்தான்.

நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே, கோரையாற்றங்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எடை பார்ப்பதும் இரத்தம் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் என் வேலை. ஆனாலும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் அடுப்படிக்குத்தான் போகும். இதைக் கர்ப்பிணிகள் படித்தால் நல்லது. அவர்களின் மாமியாரும் கணவரும் படித்தால் இன்னும் நல்லது. கரண்டி அவர்கள் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். குழம்பை அடிவரை கலக்கி, முதல் தட்டை அவளுக்குப் போடுங்கள். தினம் ஒரு கீரை, ஒரு முட்டை அல்லது மீன், ஒரு டம்ளர் பால், ஒரு பழம். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எவ்வளவு கூடுதல்?

"இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் சோறுதான் இரட்டிப்பாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி. ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் ஆகிய மூன்றிலேயே அது அடங்கிவிடுகிறது. புரதம்தான் நம் வீடுகளில் உதைக்கும் இடம். நடு மூன்று மாதங்களில் தினமும் 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு கைப்பிடி கடலையில் 7 கிராம். மூன்றும் சேர்ந்து 20ஐ நெருங்கிவிடும். இன்னும் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு போட்டால் கணக்கு முடிந்தது. ஹார்லிக்ஸ் டப்பாவுக்குச் செலவழிக்கிற பணத்தை முட்டைக்குச் செலவழியுங்கள் என்று நான் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். பாட்டிலில் வந்தால்தான் சத்து என்று ஆகிவிட்டது.

மகாராஷ்டிரத்தில், புனே பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏழைப் பெண்கள், மெலிந்த உடம்பு, வயல்வேலை. அங்கே குழந்தையின் பிறப்பு அளவோடு ஒட்டிவந்தது அம்மா மொத்தம் எத்தனை கலோரி சாப்பிட்டாள் என்பதல்ல. பால், கீரை, பழம் எத்தனை தடவை சாப்பிட்டாள் என்பதுதான். அந்தக் குழந்தைகளிடம் இன்னொன்றையும் பார்த்தார்கள். எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. இப்படிப் பிறந்த உடம்புதான் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு எளிதாக இடம் கொடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. ‘சின்னதாகப் பிறந்தால் என்ன, சோறு ஊட்டித் தேற்றிக்கொள்ளலாம்’ என்கிற வீடுகளில் இதை நான் சொல்லிப் பார்ப்பதுண்டு.

குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு என்று எழுதுவோம். சாதாரண உடல்வாகு உள்ள பெண் கர்ப்பகாலம் முழுவதும் 10 முதல் 12 கிலோ வரை கூட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பெரிதாக ஏறாது, மசக்கையில் இறங்கக்கூடச் செய்யும். நான்காம் மாதத்திலிருந்து மாதாமாதம் ஏறாவிட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

தெரிவதற்கு முன்பே தொடங்குகிறது

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிற்றா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடும். அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை தொடங்குவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். சீர்வரிசையில் வெள்ளிக் குத்துவிளக்கு வரைக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்தது அபூர்வம்.

சைவமாக மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பி12 என்ற சத்து கீரையிலும் பருப்பிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. அதே புனே ஆய்வில், அம்மாவுக்கு ஃபோலிக் அமிலம் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்தபோது, பிள்ளைகளுக்கு 6 வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி அதிகமாகத் தெரிந்தது. முட்டையும் வேண்டாம் என்கிற வீட்டில் தயிரைத் தாராளமாக ஊற்றுங்கள். பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீர்மோரில் தண்ணீர்தான் அதிகம்.

உப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளம் இருப்பதால் மூட்டையாகக் கல்லுப்பு வாங்கிப் போட்டுவைப்பது இங்கே பழக்கம். அது ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இருக்கட்டும். குழம்புக்குப் போடுகிற உப்புப் பையில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அயோடின் கலந்ததற்கு அடையாளம். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடி வையுங்கள்.

மசக்கை

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் ஒரு பொரி உருண்டையோ இரண்டு ரஸ்க்கோ. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாளிக்கிற வாடை ஆகாது என்றால் அவளை அடுப்படியிலிருந்து வெளியே உட்காரவைத்துவிட்டு வேறு யாராவது தாளியுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் மசக்கைதானே என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாம்பலும் மண்ணும் சிலேட்டுக் குச்சியும் தின்னத் தோன்றினால், வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும். இரத்தசோகையில் இப்படி ஆசை வருவதுண்டு.

கொல்லையில் இருப்பதைத் தட்டுக்குக் கொண்டுவருவது

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். சம்பா அறுப்புக்கு முன்பே ஈர வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிட்டு, பங்குனியில் மூட்டை கட்டுகிற ஊர் இது. உளுந்து முழுக்க வியாபாரிக்குப் போய்விடும். வீட்டில் இட்லிக்கு அரைக்கிற அளவுதான் நிற்கும். பயறு விளைகிற வீட்டிலேயே பயறு தட்டுக்கு வராது. மூட்டையைத் தைக்கும்போதே பிள்ளைத்தாய்ச்சிக்கென்று இரண்டு மரக்கால் ஒதுக்கி, வேப்பிலை போட்டு வைத்துவிடுங்கள்.

முருங்கைக்கீரையைச் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி பச்சைப்பயறை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். குழையக்கூடாது. கீரையை முதலில் அலசி, பிறகு உருவுங்கள். நறுக்கிவிட்டு அலசினால் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகும். இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகு, வரமிளகாய், நான்கு பல் பூண்டு தட்டிப்போட்டுத் தாளித்து, கீரையை அள்ளிப் போட்டு, கை அளவு தண்ணீர் தெளித்து வதக்குங்கள். இலை சுருங்கி நிறம் மாறாமல் இருக்கும்போதே வெந்த பயறைக் கொட்டி, தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி வீணாகும். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பு உடம்பில் லேசில் ஒட்டாது, அந்தப் புளிப்பு சேர்ந்தால்தான் ஒட்டும். எண்ணெய் சேர்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கீரையின் வைட்டமின் ஏ எண்ணெயோடுதான் உடம்பில் சேரும்.

மீனுக்கு இங்கே குறைவே இல்லை. சித்திரை, வைகாசியில் குளம் வற்றும்போது கெண்டையும் கெளுத்தியும் விராலும் கிடைக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கூடையில் வருகிற மத்தியும் நெத்திலியும் விலை மலிவு, சத்து அதிகம். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு மத்தியில் நிறைய இருக்கிறது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பகாலத்தில் அவை வேண்டாம். ஆட்டு ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால், முதல் மூன்று மாதம் அதைத் தொட வேண்டாம். இரத்தம் ஊற சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கொடுக்கும் பழக்கம் நல்ல பழக்கம். அதில் இரும்பு மிகுதி. நன்றாக வேகவைத்து மட்டும் கொடுங்கள்.

பூங்கார் அரிசி பெண்களுக்கு, மாப்பிள்ளைச் சம்பா ஆண்களுக்கு என்று இப்போது பை போட்டு விற்கிறார்கள். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அந்த நெல்களையெல்லாம் தேடிச் சேர்த்து விதை விதையாகப் பரப்பியது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தவிடு நீக்காத அரிசி பாலீஷ் அரிசியைவிட நல்லதுதான். ஆனாலும் எந்த அரிசியும் பருப்பின் வேலையைச் செய்யாது.

ரேஷன் அரிசியைப் பற்றி இன்னொரு தலைவலி. நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கும் செறிவூட்டிய அரிசி மணிகளைப் பார்த்திருப்பீர்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். அதைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கிக் கீழே போடுகிற வேலை பல திண்ணைகளில் நடக்கிறது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்து, அரிசி மாவிலேயே செய்த மணி அது. பொறுக்க வேண்டாம். பலமுறை தேய்த்துக் கழுவவும் வேண்டாம்.

அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு கர்ப்பிணிக்கு நாளைக்கு 165 கிராம் என்ற கணக்கில் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அது எல்லாருக்கும் பொதுவாகிவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வருகிற ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் நெய் பேரப்பிள்ளையின் தோசைக்கும், பேரீச்சம்பழம் மாமனாருக்கும் போய்விடுகிறது. மாவு திகட்டுகிறது என்று அவளே சொன்னால், முருங்கை இலை, வெங்காயம் போட்டு அடையாகத் தட்டிக் கொடுங்கள். வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்தால் மாலை நான்கு மணிப் பசிக்குச் சரியாக இருக்கும்.

சிவப்பு மாத்திரை

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை. 7க்குக் கீழே என்றால் கீரையையும் பேரீச்சம்பழத்தையும் நம்பி வீட்டில் இருக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிடவேண்டிய சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. எத்தனை முருங்கை மரம் இருந்தாலும் இந்த அளவைக் கீரையால் மட்டும் எட்ட முடியாது. கர்ப்பத்தில் தாயின் இரத்த அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. போதாததற்குக் குழந்தை வேறு எடுத்துக்கொள்கிறது.

குழந்தை எடுத்துக்கொள்வது சும்மா இல்லை. கடைசி மூன்று மாதத்தில் அது தன் ஈரலில் இரும்பைச் சேமித்துவைக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால், பிறந்த பிறகு நான்கு முதல் ஆறு மாதம் வரை அந்தச் சேமிப்பில்தான் அது காலம் தள்ள வேண்டும். தாய்க்கு இரத்தம் மிகக் குறைவாக இருந்தாலோ, குறைமாதத்தில் பிறந்தாலோ சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிரசவத்தின்போது தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால், குழந்தைக்குக் கூடுதல் இரத்தம் கிடைத்து அந்தச் சேமிப்பு கூடும். முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்.

மாத்திரையை ஒளித்துவைக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அரிசிப் பானைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், அட்டை அட்டையாக இருக்கும். கேட்டால் மூன்று காரணம் வரும். குமட்டுகிறது என்பது ஒன்று. இராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் அது தெரியாது. மலம் கறுப்பாகப் போகிறது என்பது இன்னொன்று. அது போகத்தான் செய்யும், அதனால் கெடுதல் இல்லை. மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடுமாம். நிறம் அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்து வருகிறது. மாத்திரையால் கறுப்பதும் இல்லை, குங்குமப்பூவால் வெளுப்பதும் இல்லை. குங்குமப்பூவுக்குக் கொடுக்கிற விலையில் ஒன்பது மாதமும் முட்டை வாங்கலாம்.

மாத்திரையோடு காபி, டீ சேரக்கூடாது. கும்பகோணம் டிகிரி காபியை விடச்சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டு, நாளைக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக்கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். சுண்ணாம்புச்சத்தைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பை இரவில் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிற ஊர் என்பதால் கொக்கிப்புழுவையும் மறக்கக்கூடாது. அது குடலில் ஒட்டி இரத்தத்தைக் குடிக்கும். மூன்று மாதம் கழிந்த பிறகு செவிலியர் கொடுக்கும் ஒற்றைப் புழுமாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். கொல்லைக்குப் போகும்போது செருப்பு.

ஐப்பசி அடைமழையில்

ஆப்பிரிக்காவில் கேம்பியா நாட்டின் கெனெபா என்ற கிராமத்தில் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பிறப்பு இறப்பைக் குறித்துவருகிறார்கள். அங்கே மழைக்காலத்தில் பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதியது அறுப்புக்கு வந்திருக்காது, வயலில் வேலை மட்டும் முதுகை ஒடிக்கும். அந்தப் பஞ்ச மாதங்களை ஒட்டிப் பிறந்தவர்கள், சிறுவயதைத் தாண்டி இளைஞரான பிறகும், மற்றவர்களைவிட அதிகமாக, பெரும்பாலும் தொற்றுநோயால் இறந்தார்கள் என்று 1997இல் எழுதினார்கள். வயிற்றில் இருந்தபோது கண்ட பஞ்சம் நோய் எதிர்ப்பு சக்தியில் தங்கிவிட்டதோ என்பது அவர்கள் சந்தேகம். வங்கதேசத்தில் தேடியபோது அதே தொடர்பு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அதே கேம்பியாவில் அவர்கள் செய்த இன்னொரு வேலையில் சந்தேகத்துக்கு இடமில்லை. கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை சேர்த்த பிஸ்கட்டைத் தினமும் கொடுத்தார்கள். பஞ்ச மாதங்களில் குழந்தைகளின் எடை சராசரியாக 201 கிராம் கூடியது. அறுவடைக் காலத்தில் அதே பிஸ்கட் கூட்டியது 94 கிராம்தான்.

நம் ஊருக்கு இதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மேட்டூர் தண்ணீர் வந்து, நடவு முடிந்து, ஐப்பசி கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது கையில் காசு இருக்காது. கீரை அழுகிவிடும், கோழி முட்டை குறையும், மீன்காரர் வர மாட்டார். தை அறுப்புவரை ரசமும் துவையலும்தான். அந்த மாதங்களில் கடைசிக் கட்டக் கர்ப்பம் வருகிற வீடு ஆவணியிலேயே தயாராக வேண்டும். ஐந்து கிலோ நிலக்கடலை, அதே அளவு பயறு, ரேஷன் துவரம்பருப்பைச் சேர்த்துவைப்பது, கொஞ்சம் எள், வெல்லம். அரைத்துப் பிடித்த கடலை உருண்டை நாளைக்கு இரண்டு போதும். எள் சூடு, கரு கலைந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். உருண்டையில் சேர்க்கிற அளவு எள்ளால் எதுவும் ஆகாது. பயப்படுகிறவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கடலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடவுக்கும் களைக்கும் குனிகிற வேலையைக் கடைசி மாதங்களில் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாதவர்கள் மதியம் ஒரு மணி நேரமாவது இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வெற்றிலை போடுவது பற்றியும் கேட்பார்கள். வெற்றிலை போகட்டும், சீவலையும் புகையிலையையும் அறவே விடுங்கள். இரண்டுமே குழந்தையின் எடையைக் குறைக்கும்.

நோயை எதிர்க்கிற சக்தி எப்படி போய்ச் சேர்கிறது

அம்மாவின் இரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பெரும்பங்கு போவது ஏழாம் மாதத்துக்குப் பிறகு. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் சில சமயம் அம்மாவிடம் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். குறைமாதத்தில் பிறந்தால் இந்தச் சீதனம் பாதியில் நின்றுவிடும். தாய்க்குச் சத்தும் இரத்தமும் குறைந்தால் குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதால், சாப்பாட்டுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் முதல் முடிச்சு இங்கேயே விழுகிறது. இரண்டாவது, நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களைப் பழக்குகிற தைமஸ் என்ற சுரப்பி நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது. வயிற்றுக்குள் சரியாக வளராத குழந்தையிடம் அது சிறுத்திருக்கும்.

அம்மாவிடம் இருந்தால்தானே கொடுப்பாள்? ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்த்துப் போடுகிற டிடி ஊசி அதற்காகத்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டு ஆகவில்லை என்றால் ஒன்றே போதும். பச்சிளங்குழந்தைகளைக் கொண்டுபோன ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்ததற்கு ரண ஜன்னித் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் முக்கியக் காரணங்கள்.

பெரிய குழந்தை என்றால் நல்ல குழந்தை என்று இல்லை

சர்க்கரைச் சோதனையைத் தட்டிக்கழிக்கிறவர்கள் அதிகம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்று இந்த முறையை எளிதாக்கிப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. பதிவின்போது ஒரு முறையும் ஆறாம் மாதத்தை ஒட்டி ஒரு முறையும் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கூடினால் குழந்தை பருக்கும், பிரசவம் சிக்கலாகும், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். சர்க்கரை இருப்பவளுக்குச் சோற்றை நிறுத்தக்கூடாது. அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காயும் சுண்டலும் நிரப்ப வேண்டும். வளைகாப்பில் ஏழு வகைச் சாதம் கிளறுகிறோம். புளி, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழும் அரிசி. ஒன்றிரண்டைக் குறைத்து, கொண்டைக்கடலைச் சுண்டலும் அவித்த முட்டையும் வையுங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். சமுதாய வளைகாப்பில் அப்படி வைத்த அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் உண்டு. தட்டு காலியாகத்தான் திரும்பியது.

தாய்வீட்டுக்குப் போகும்போது

வளையல் அடுக்கி அனுப்புகிற நாளில்தான் மருத்துவத் தொடர்பு அறுந்துபோகிறது. பட்டுப் புடவை பெட்டிக்குள் போகும், மாத்திரை மாமியார் வீட்டிலேயே கிடக்கும். பையில் முதலில் வைக்க வேண்டியவை தாய்-சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண், கடைசியாகப் பார்த்த இரத்த அளவும் சர்க்கரை அளவும் எழுதிய சீட்டு, பிரசவம்வரை வேண்டிய மாத்திரைகள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர்ச் செவிலியரைப் பார்த்துவிடுங்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாக, கொஞ்சமாக வருகிற சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள். குழந்தையின் குடலில் பூசினாற்போல் நின்று கிருமியைத் தடுக்கும் புரதம் அதில்தான் செறிந்திருக்கிறது. குடும்பத்திலேயே நல்ல குணமுள்ளவர் சேனை தொட்டுவைத்தால் அந்தக் குணம் வரும் என்று சீனித் தண்ணீரோடு வருவார்கள். கழுதைப்பால் சங்கோடும் வருவார்கள். இரண்டும் கிருமியைத்தான் கொண்டுவரும். சண்டை போடாமல் தடுக்க நான் கண்ட வழி, சேனை வைக்க வருகிற பெரியவரிடமே குழந்தையைக் கொடுத்து, தாயின் மார்பில் அவர் கையால் போடச்சொல்வது. குணத்துக்குக் குணமும் ஆயிற்று.

பிறகு பத்தியம். பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் சரிதான். காயும் கீரையும் பழமும் மாதக்கணக்கில் கூடாது என்பதும், தண்ணீரை அளந்து கொடுப்பதும்தான் தவறு. சத்துக் குறைந்த அம்மாவுக்கும் பால் ஏறக்குறைய போதுமான அளவு ஊறும். ஆனால் அந்தப் பாலில் உள்ள வைட்டமின் ஏ, பி12, அயோடின் எல்லாம் அவள் தட்டைப் பொறுத்தவை. ஆகவே கெண்டை மீனையும் முருங்கைக்கீரையையும் முதல் வாரத்திலேயே தொடங்கலாம், காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மாத்திரை இன்னும் 180 நாள் இருக்கிறது. அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் அடுத்ததை வாங்கிவிடுங்கள்.